சத்தந்தின்னிப் பலகை

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளா. குளிர் உள்ளே வராமல் கதவைச் சாத்திவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வாய் ஓயாத ஒரு லயத்தில் ஒரே ஒரு வீடு மட்டும் ஊமையாகிப்போன கதையைச் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அந்த வீட்டுக்காரி நல்லம்மாவின் காதுக்கு எட்டாமல் சிரித்தால் போதும்.

அப்புத்தளைக்குக் கீழே, மேகம் வந்து கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் உயரத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அதில் தொழிலாளர் குடியிருக்க வெள்ளைக்காரன் வரிசை வீடாகக் கட்டிவைத்துவிட்டுப் போன ஒரு லயம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரை வரை போகாது. தகரத்துக்கு ஒரு முழம் கீழேயே களைத்துப்போய் நின்றுவிடும். தொழிலாளிக்கு மூச்சு முட்டக் கூடாதென்று துரைமார் விட்டுவைத்த இரக்கம் என்று சொல்வோரும் உண்டு. கல் மிச்சம் பிடித்த கணக்கு என்று சொல்வோர் கொஞ்சம் கூடுதலாக உண்டு.

அந்த ஒரு முழ இடைவெளியில்தான் லயத்து வாழ்க்கையே நடந்தது. லயத்தின் முதல் வீடு நல்லம்மாவுடையது; அவள் டீவியில் படம் செத்துச் சத்தம் மட்டும் மிச்சம். அடுத்த வீட்டு வடிவேலின் டீவியில் சத்தம் செத்துப் படம் மட்டும் மிச்சம். இரண்டு வீட்டிலும் ஒரே நாடகத்தைப் போடுவார்கள். "இப்ப மாமியாகாரி அழுவுறா" என்று வடிவேலின் பெண்சாதி ராசம்மா சுவருக்கு மேலால் படம் அனுப்புவாள். நல்லம்மா வீட்டிலிருந்து அழுகை போகும். புது டீவி வாங்க வேண்டிய தேவையே இரு வீட்டுக்கும் வரவில்லை.

இப்படிச் சீராக ஓடிய வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றது ஒரு பலகை.

நல்லம்மாவின் மகள் விதுஷா. தோட்டத்தில் மூடிக்கிடந்த பழைய ஃபெக்டரியில், ஒரு காலத்தில் கொழுந்து வாட்டிய மாடியில், கொழும்பிலிருந்து வந்த ஒரு கூட்டம் பலகை செய்யும் தொழிலைத் தொடங்கியிருந்தது; அவளுக்கு அங்கேதான் வேலை. பதனை என்னும் மலைப் புல்வெளியில் வளர்ந்து கிடக்கும் மானாப்புல்லை வெட்டி வந்து, சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, அடித்துப் பஞ்சாக்கி, மொனராகலைப் பக்கமிருந்து வரும் வாழை நாரையும் தென்னந்தும்பையும் அதோடு பிசைந்து, மரவள்ளிமாவுப் பசை விட்டு அச்சில் வைத்து அழுத்துவார்கள். காய்ந்தால் கருப்பட்டி நிறத்தில் ஒரு பலகை. அதைச் சுவரில் அடித்தால் அறைக்குள் எழும்பும் சத்தத்தைக் குடித்துவிடும். கம்பனி அதற்கு வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. லயத்துச் சனம் 'சத்தந்தின்னி' என்று வைத்தது. எது நிலைத்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யாருக்கு இந்தப் பலகை என்று கேட்கிறீர்களா? எல்லாம் எல்ல என்கிற சுற்றுலா ஊரின் ஹோட்டல்களுக்குத்தான். மலையின் அமைதியைத் தேடி உலகத்தின் மறு கோடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வந்து சேர்ந்ததும், எவ்வளவு அமைதியாக இருக்கிறது பார் என்று ஒருவருக்கொருவர் கத்திச் சொல்கிறார்கள். அந்தக் கத்தல் தாங்காமல் ஹோட்டல்காரர் சுவர் முழுக்கப் பலகை அடிக்கிறார். மலை பாவம், அது பாட்டுக்கு வெளியே நிற்கிறது.

விதுஷாவும் பதுளை டவுனில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன் நிமலனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஃபெக்டரிக்கு ஆணியும் சட்டமும் ஏற்றிக்கொண்டு அவன் வருவான். வர வர, ஆணி தீருவதற்கு முன்பே வரத் தொடங்கினான். பையனின் அப்பா இல்லை. எல்லாம் அம்மா வள்ளியம்மைதான். அவள் சரியென்றால் சரி, இல்லையென்றால் இல்லை; அம்மாவை மீறி வர மாட்டேன் என்று நிமலனே சொல்லிவிட்டான். "அவங்க வேணாம்னுட்டா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று விதுஷா சொல்லிவிட்டாள். சொன்னதைச் செய்யக்கூடியவள் அவள்.

வள்ளியம்மை பெண் பார்க்க வருகிறாள் என்று செய்தி வந்ததும் நல்லம்மா முதலில் பார்த்தது மகளின் முகத்தை அல்ல. சுவருக்கு மேலிருந்த அந்த ஒரு முழத்தை.

காரணம் உண்டு. அந்தப் பக்கத்து லயங்களிலெல்லாம் ஒரு வழக்கம். சம்பந்தம் பேச வருகிறவர்கள் தாம்பூலத்தைத் தொடுவதற்கு முன்னால் பக்கத்துச் சுவரைப் பார்த்து, "அடுத்த வீட்டுக்குச் சம்மதமா?" என்று கேட்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பெண்ணைப் பற்றிப் பதில் வர வேண்டும். எப்படியும் ஒட்டுக்கேட்கத்தான் போகிறார்கள், கேட்கிற ஆள் பதிலையும் சொல்லித் தொலைக்கட்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி தொடங்கி வைத்தது. சுவர்ச் சம்மதம் என்பார்கள். சுவர் பேசாவிட்டால் பெண்ணில் ஏதோ குறை என்று அர்த்தம்.

அந்தச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது வடிவேல். பொய் சொல்லத் தெரியாத மனிதன். இப்படிப்பட்டவர்கள் கோயில் சிலையாக நிற்கத் தகுந்தவர்கள். பக்கத்து வீட்டில் குடியிருக்கத் தகுந்தவர்கள் அல்ல. கடைசி வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தபோது அடுத்த வீட்டு ஆள் ஊரில் இல்லையென்று அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். "பொண்ணு தங்கம்" என்று அழகாகத் தொடங்கினார். பிறகு, தங்கம் எழும்பும் நேரம், தங்கம் வைக்கும் குழம்பு, தங்கம் போன வருடம் யாரோடு பஸ்ஸில் பேசிக்கொண்டு போனது என்று ஒவ்வொன்றாக உரசிக் காட்டினார். வந்தவர்கள் தேத்தண்ணியை முடிக்கவில்லை.

விதுஷாவிடமும் உரசிப் பார்க்க ஒரு சங்கதி இருந்தது. முன்பு ஒரு வரன் வந்தபோது, "கல்யாணத்துக்கப்புறம் வேலைய விட்டுருவீங்கதானே?" என்று மாப்பிள்ளை கேட்டான். "நீங்க எப்ப விடுறீங்க?" என்று இவள் கேட்டாள். அந்தக் கூட்டமும் தேத்தண்ணியை முடிக்கவில்லை. இது எல்லாவற்றையும் வடிவேல் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தார்.

"அந்தம்மாவும் லயத்துல பொறந்தவங்கதான்னு நிமலன் சொன்னாரும்மா. மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டமாம்" என்றாள் விதுஷா.

"பொறந்தா என்னா? டவுனுக்குப் போயி கொங்கிரீட்டு வீட்டுல இருக்கிறவங்களுக்கு லயத்துப் பழக்கமெல்லாம் ஞாபகம் இருக்குமா? நம்ம சுவரு கத்துறதக் கேட்டா காட்டுப் பயலுகன்னு நெனைப்பாங்க" என்றாள் நல்லம்மா. "ஒன் ஃபெக்டரியில ஓரம் நொறுங்கின பலகைய ஆளுகளுக்குக் குடுக்கிறாங்கல்ல. கொண்டு வா."

"வடிவேல் மாமா என்னா நெனைப்பாரு?"

"நெனைக்கட்டும். பேசாம நெனைக்கட்டும்."

நல்லம்மாவின் புருஷன் முருகையாவிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அவர் கல்யாணமான நாளிலிருந்து சத்தந்தின்னி அடித்த மாதிரியே இருந்தவர். சட்டத்தைப் பிடி என்றார்கள், பிடித்தார்.

சுவருக்கு மேலே சட்டம் கட்டி, பலகையை இரட்டையாக அடித்து, தகர மடிப்புகளுக்குள் மிச்சத் தும்பைத் திணித்து, அந்த ஒரு முழத்தை அடைத்தார்கள். கடைசிப் பலகை உட்காரும் முன் அந்தப் பக்கமிருந்து ராசம்மாவின் குரல், "மதினி, என்னா செய்றீங்க? இருட்டுது" என்றது. அதோடு பலகை உட்கார்ந்துவிட்டது.

நல்லம்மாவுக்கு அது சொர்க்கமாக இருந்தது. ஒரு பொழுதுக்கு. புருஷனை அவள் ஏசினாள். எந்த வீட்டிலிருந்தும் "பாவம் அந்த மனுசன்" என்று குரல் வரவில்லை. ருசியாகத்தான் இருந்தது. அப்புறம் டீவியைப் போட்டாள். யாரோ அழுதார்கள். யார் அழுகிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று சொல்ல ஆளில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் வடிவேலின் டீவியில் எல்லோரும் மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்திருப்பார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் ராசம்மா குடத்தை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு வீடுகளுக்கிடையே வெட்டுக்குத்து நடந்தால்கூட அந்த லயத்தில் யாரும் சுவரை அடைத்ததில்லை. செத்த வீட்டிலும் அடைத்ததில்லை. இதெல்லாம் நல்லம்மாவுக்குத் தெரியும். கல்யாணம் முடியட்டும், கழற்றிவிடலாம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

வள்ளியம்மை வந்தாள். மகனோடு வேனில் வந்து இறங்கியவள் லயத்து வாசலில் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே நல்லம்மா கவனித்திருக்க வேண்டும். வழுக்குகிற கல் எது என்று பார்க்காமலே தெரிந்து காலைத் தாண்டி வைத்தாள். நல்லம்மா அவளுடைய சேலைக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க, வாங்க சம்பந்தியம்மா" என்று சம்பந்தமாகும் முன்பே சம்பந்தியாக்கினாள். வடை வந்தது. தேத்தண்ணி வந்தது. விதுஷா பட்டுச்சேலையில் வந்து, அதிசயமாக, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னாள். முருகையா சிரித்தார். எல்லாம் எல்ல ஹோட்டல் மாதிரி அமைதியாக நடந்தது.

வள்ளியம்மை சுற்றிப் பார்த்தாள். "வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றாள்.

"ஆமாங்க. நாங்க சத்தம் போட்டே பேச மாட்டோம்" என்றாள் நல்லம்மா. முருகையா இருமினார்.

பிறகு வள்ளியம்மை கோப்பையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்தினாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும் குரலில் கேட்டாள்.

"அடுத்த வீட்டு ஆளுக கேட்டுக்கிட்டு இருக்கீங்களா? ஒங்களுக்குச் சம்மதமா?"



பலகை அந்தக் கேள்வியைச் சொட்டு விடாமல் குடித்தது. மானாப்புல்லும் வாழை நாரும் தென்னந்தும்பும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் குடித்தன. கம்பனிக்காரர்கள் அங்கே இருந்திருந்தால் படம் பிடித்துப் போட்டிருப்பார்கள்.

வள்ளியம்மை காத்திருந்தாள். மறுபடியும் கேட்டாள், இன்னும் உரத்து. பதில் இல்லை. அவள் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. மகனை ஒருமுறை பார்த்தாள். விதுஷாவை ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது. அதுதான் நல்லம்மாவைக் குத்தியது.

"சரிங்க. நாங்க யோசிச்சுச் சொல்றோம்."

யோசிச்சுச் சொல்றோம் என்று போனவர்கள் பிறகு யோசித்ததாக இதுவரை தகவல் இல்லை.

"செத்த இருங்க" என்றாள் நல்லம்மா. "தேத்தண்ணிக்குச் சீனி பத்தல போல. இந்தா வந்திர்றேன்." வாசல் வழியாக வெளியே வந்து அடுத்த வீட்டுப் படியில் ஏறினாள். பக்கத்திலேயே இருந்தும் அந்தப் படியில் கால் வைத்து எவ்வளவு காலமோ. சுவருக்கு மேலால் எல்லாம் கிடைத்தபோது படி எதற்கு?

உள்ளே வடிவேல் உட்கார்ந்திருந்தார். துவைத்து மடித்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, தேர்த் திருவிழாவுக்கு மட்டும் போடும் சட்டை. சுவருக்குப் பின்னால் இருக்கிற ஆளை யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் போட்டிருந்தார். ராசம்மா ஒரு டம்ளரைச் சுவரில் கவிழ்த்துக் காதை ஒட்ட வைத்திருந்தாள். நல்லம்மாவைக் கண்டதும் டம்ளரை எடுத்து, அதைத்தான் கழுவிக்கொண்டிருந்தவள் போல முந்தானையால் துடைத்தாள்.

"வாங்க டவுன் அம்மா" என்றாள் ராசம்மா. "வழி தெரியாம வந்திட்டீங்களா?"

"மதினி, ஏச்செல்லாம் பெறகு. அண்ணே, அவங்க கேட்டுட்டாங்க. சுவரப் பாத்துக் கேட்டுட்டாங்க."

வடிவேல் கூரையைப் பார்த்தார். "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலயே தங்கச்சி. கேக்கக் கூடாதுன்னுதானே புல்லும் நாரும் வச்சு அடைச்சீங்க."

"தப்புத்தான் அண்ணே. எந்திரிச்சு வாங்க. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

"வாசல் வழியா வந்து சொன்னா அது சிபாரிசு" என்றார் வடிவேல். "சுவரு வழியாச் சொன்னாத்தான் சம்மதம். அந்தம்மா கேட்ட கேள்வி சுவரு வழியா வரட்டும். நான் இந்த எடத்த விட்டு அசைய மாட்டேன்."

நல்லம்மா நின்றாள். கேட்க வேண்டியதைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"கழட்டுனா என்னா அண்ணே சொல்லுவீங்க?"

"உள்ளதத்தான் சொல்லுவேன்."

"உள்ளதுன்னா எல்லாத்தையுமா?"

"கொஞ்சத்த மட்டும் சொல்றதுக்குப் பேரு வேற" என்றார் வடிவேல்.

இதற்கு மேல் அந்த மனிதனிடம் என்ன பேசுவது? பலகை இருந்தால் சம்பந்தம் நிச்சயமாக முறியும். பலகையைக் கழற்றினால் வடிவேல் வாயைத் திறப்பார்; அதற்குப் பிறகு முறியும். முதலாவதில் மகளுக்கு ஒரு பழி மிஞ்சும், இரண்டாவதில் உண்மையாவது மிஞ்சும் என்று நல்லம்மா கணக்குப் போட்டாள். அப்படித் தத்துவமாகவெல்லாம் போட்டிருக்க மாட்டாள், நான்தான் ஒட்ட வைக்கிறேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வேன் கிளம்புவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான்.

தன் வீட்டுக்குள் வந்து நடுவில் நின்றாள்.

"சம்பந்தியம்மா, சுவருல கொற இல்ல. எங்கிட்டத்தான் கொற. பக்கத்து வீட்டுக் கொரல் ஒங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு நான்தான் பலகை அடிச்சு வச்சேன்."

நிமலன் தரையைப் பார்த்தான். வள்ளியம்மை பலகையை அண்ணாந்து பார்த்தாள். "ஓகோ, இது அழகுக்கு இல்லயா?" என்றாள்.

விதுஷா ஏற்கனவே உட்காரப் போட்டிருந்த வாங்கின் மேல் ஏறியிருந்தாள். பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் சுத்தியல். இதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் ஆணியில் காட்டினாள். நிமலன் வாங்கைப் பிடிக்கப் போய், பிறகு தானும் ஏறிச் சட்டத்தை நெம்பினான். ஆணி கொண்டுவந்த ஆளே ஆணி பிடுங்குவதைப் பார்த்து முருகையா கல்யாண நாளுக்குப் பிறகு முதல் தடவையாகத் தானாகப் பேசினார்: "பைய, பைய." பலகை பிளந்தது. தும்பும் தூசியும் வடைத் தட்டிலும் வள்ளியம்மையின் தலையிலும் கொட்டின.

வள்ளியம்மைக்குத் தும்மல் வந்தது. அடக்கி வைத்து, மூக்கைப் பிடித்து, முடியாமல் வேன் ட்ரைவர் எட்டிப் பார்க்கும்படி ஒரு தும்மல் தும்மினாள்.

"நூறு" என்றது வடிவேலின் வீடு.

"நூறாயுசு" என்றது அதற்கு அடுத்த வீடு. "யாரது தும்முறது, புதுக் கொரலா இருக்கு?" என்றது அதற்கும் அப்பால் ஒரு வீடு.

வள்ளியம்மை தலையிலிருந்த தும்பைத் தட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "எங்க வீட்டுல நான் தும்மினா நானே எனக்கு நூறு சொல்லிக்கணும்" என்றாள், யாரையும் பார்க்காமல். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்றாம் தடவையாகக் கேட்டாள். "அடுத்த வீட்டுக்குச் சம்மதமா?"

வடிவேல் எழுந்து நின்றிருக்க வேண்டும். நாற்காலி நகரும் ஓசை கேட்டது.

"கேட்டுக்கிட்டோம்மா. பொண்ணப் பத்திச் சொல்றேன். கோவம் சட்டுன்னு வரும். ரொட்டி தட்டுனா வட்டமா வராது, இலங்கை மேப்பு மாதிரி வரும். முன்னாடி ஒரு மாப்பிள்ள வந்து வேலைய விடச் சொன்னாப்ல. நீ எப்ப விடுறேன்னு கேட்டு அனுப்பிருச்சு."

நல்லம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தக் கேள்வியில தப்பிருக்கிறதா எனக்குப் படல" என்று தொடர்ந்தது குரல். "ராசம்மா காய்ச்சல்ல கெடந்தப்போ மொணகுனா. பக்கத்துல படுத்திருந்த எனக்கே கேக்கல. இந்தப் புள்ளைக்குச் சுவரு தாண்டிக் கேட்டிருக்கு. சுடுதண்ணியோட வந்து நின்னுச்சு. வேற என்னா, அம்மாகாரிக்குத்தான் கொஞ்சம் பெரும. பலகை அடிச்சுச் சனத்த ஒதுக்குற அளவுக்குப் பெரும."

"அம்மாவ நாங்க கேட்டு வரல அண்ணே" என்றாள் வள்ளியம்மை.

"அப்பச் சரி. சம்மதம்."

"எனக்கும் சம்மதம்" என்றாள் ராசம்மா. "சேலை எடுக்கும்போது மட்டும் என்னையும் கூட்டிட்டுப் போகணும்."

அதோடு நின்றிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். சம்மதம் சுவர் சுவராகத் தாண்டி, யாரும் கேட்காத வீடுகளிலிருந்தெல்லாம் வரத் தொடங்கியது. கடைசி வீடு, தனக்குச் சம்மதம்தான் ஆனால் என்ன விஷயம் என்று கேட்டது.

வள்ளியம்மை தாம்பூலத்தட்டைத் தொட்டாள். "இனி யோசிக்க ஒண்ணுமில்ல. தை மாசத்துல வச்சுக்கலாமா?" என்று நல்லம்மாவிடம் கேட்டாள். நல்லம்மா பதில் சொல்வதற்குள் சுவர், தையில் கொழுந்து குறைவு, லீவு கிடைக்கும், தையே நல்லது என்றது. பந்திக்கு எத்தனை கறி என்று பேச்செடுத்தார்கள். சுவர் மூன்று கறியைக் கூட்டியது. சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தரங்கமாக ஒரு நன்றி சொல்லலாமென்று நல்லம்மா வாயைக் காதருகே கொண்டு போனாள். "சத்தமாச் சொல்லு தங்கச்சி, கேக்கல" என்றார் வடிவேல்.

நல்லம்மா பேசாமல் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீரை வைத்தாள். அடுத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தாள். வாயை மூடிக்கொள்ள அவளுக்கு அன்று பலகை எதுவும் தேவைப்படவில்லை.

அவ்வளவுதான் கதை. இவ்வளவு நேரம் காது கொடுத்த என் செல்வங்களே, உங்கள் வீட்டு அரிசிப்பானை அடி தெரியாமல் இருக்கட்டும். பிள்ளைகள் போகிற இடத்தில் நல்ல பெயரோடு இருக்கட்டும். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், கூப்பிடுவதற்கு முன்னால் ஓடி வர ஒரு ஆள் எப்போதும் அருகில் இருக்கட்டும். நன்றாயிருங்கள்.